காற்றை முகரும் பெட்டி

“காற்றுக்கும் நித்திரை வருமா, சேர்?”

சத்தியபாமா ஒருநாள் இப்படிக் கேட்டாள். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். ஆசிரியர் விவேகானந்தன் சேர் சிரிக்கவில்லை.

“ஓம் பிள்ளை. அடைச்ச அறைக்குள்ள நாங்கள் விட்ட மூச்சையே திரும்பத் திரும்ப இழுத்தால் காற்றும் களைச்சுப்போகும். நாங்களும் தூங்கி விழுவம்.”

குண்டசாலையில் சேர் வீட்டு முன்னறையில் புலமைப்பரிசில் வகுப்பு நடந்தது. எங்கோ பஸ்ஸில் குண்டு வெடித்த நாளிலிருந்து ஜன்னல்கள் திறக்கப்படவில்லை. சிங்கள ஊரில் தமிழ்ச் சத்தம் வீதிக்குக் கேட்க வேண்டாம் என்று பெரியவர்கள் பயந்தார்கள். கண்ணாடிக்கு அப்பால் மகாவலி ஆற்றுப் பனி வெள்ளைத் துணிபோல அசையும். உள்ளே இருபது பிள்ளைகளின் இமைகளும் மெல்ல மெல்ல மூடும்.

அதிகம் சிரமப்பட்டவள் ரபீகா. அவளுக்கு இழுப்பு நோய். “இன்னொருக்கா இழுத்தா வகுப்புக்குப் போக ஏலா” என்று அவளுடைய வாப்பா சொல்லியிருந்தார்.

அடுத்த வாரம், பல்கலைக்கழகத்தில் வேலை செய்யும் சேரின் தம்பி ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து சுவர்த்தட்டில் வைத்தார். காற்று நன்றாக இருந்தால் அதில் பச்சை விளக்கு எரியும். கெட்டுப்போனால் சிவப்பு எரியும். உடனே சுவரின் உச்சியில் பூட்டிய விசிறி தானாகச் சுழன்று பழைய காற்றை வெளியே தள்ளும். சத்தியபாமாவின் கதிரைக்குப் பக்கத்தில் இருந்த சுவர்த் துவாரத்தால் தோட்டத்துப் புதுக்காற்று உள்ளே வரும்.

“இதுக்கு மூக்கு எங்க?” என்று கேட்டான் அழகர்.

“ஒன்ட சப்பாத்தக் கழட்டு, தெரியும்” என்றாள் ரபீகா.

ஆனால் மறுநாள் ஐந்து பேர் வருவதற்குள்ளேயே பெட்டி சிவந்துவிட்டது. விசிறி காலை முழுவதும் இரைந்தது. மூன்று நாளும் அப்படித்தான். பாடம் எவருக்கும் கேட்கவில்லை.

“ஆர் பெட்டியைத் தொட்டது?” என்று கேட்டார் சேர். தட்டுக்குக் கீழே இருந்தவள் ரபீகா. “நீரோ?”

“நான் தொடல்ல, சேர்.” அவள் கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அப்ப பெட்டிதான் பிழை. ஞாயிற்றுக்கிழமை திருப்பிக் குடுத்துவிடுறன்.”

அதே தட்டில் சரஸ்வதி படம் ஒன்றும் இருந்தது. வகுப்புக்கு முன் அங்கே ஊதுபத்தி கொளுத்துவது சத்தியபாமாவின் வேலை. அடுத்த நாள் ஊதுபத்தி முடிந்திருந்தது. அவள் கைகூப்பிவிட்டு நிமிர்ந்தாள்.

பச்சை விளக்கு!

பிள்ளைகள் நிறைந்த பிறகே அது சிவந்தது. விசிறி சற்றுச் சுழன்று ஓய்ந்தது. மறுபடி பச்சை. அறையே மூச்சு விடுவதுபோல இருந்தது.

இடைவேளையில் அவள் ரபீகாவிடம் ஓடினாள். “ஊதுபத்திப் புகைதான் காரணம். உனக்குத் தெரியுமோ?”

“மொத நாளே தெரியும்.”

“பேச்சும் வாங்கினியே! ஏன் சொல்லேல்லை?”

“அது ஒங்கட சாமிக்கு வைக்கிற. வைக்காத எண்டு நான் எப்படிச் சொல்ற?”

மூன்று நாளும் அந்தப் புகைக்குக் கீழே, கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு இவள் இருந்திருக்கிறாள்!

சத்தியபாமா நேரே சேரிடம் போனாள். “பெட்டியிலயும் பிழை இல்லை, ரபீகாவிலயும் பிழை இல்லை, சேர். என்ர ஊதுபத்தியிலதான்.”

சேர் எல்லோர் முன்னும் ரபீகாவிடம் வந்தார். “மன்னிச்சுக்கொள்ளும் பிள்ளை.” பெட்டி தட்டிலேயே தங்கிவிட்டது.

மறுநாள் பனி கலையும் முன்பே சத்தியபாமா வந்தாள். அறையில் எவரும் இல்லை. சரஸ்வதிக்கு ஒரு செவ்வரத்தம்பூ வைத்தாள். பிறகு ரபீகாவின் கதிரையைத் தூக்கிப்போய்த் துவாரத்தின் அருகே போட்டாள். தன் கதிரையைத் தட்டுக்குக் கீழே இழுத்துக்கொண்டாள்.

ரபீகா வந்தாள். புதிய இடத்தில் அமர்ந்து, தோட்டத்து ஈரக்காற்றை நெஞ்சு நிறைய இழுத்தாள்.

“பாத்தியா புள்ள, சேர் என்ட கதிரைய மாத்தி வெச்சிருக்கார். எவ்வளவு நல்லவர்!”

“ஓம்” என்றாள் சத்தியபாமா, புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல்.