ஒரு முகம் கூடுதல்

கல்லில் ஒரு முகம் கூடுதலாக இருந்தது.

கார்னெட் என்கிற இந்த வகைக் கருஞ்சிவப்புப் படிகத்துக்குப் பன்னிரண்டு முகம். யாரும் பட்டை தீட்டாமல் பாறைக்குள் தானாக விளைந்த பன்னிரண்டு வழவழப்பான பக்கங்கள். இருபது வருஷமாகக் கல் வாங்கி விற்கும் துரைப்பாண்டிக்கு அதை விரலால் தடவியே எண்ணத் தெரியும். குருவிகுளத்துப் பக்கத்துக் கரட்டில், படித்தவர்கள் பெக்மடைட் என்கிற வெள்ளைப் பாறையை உடைத்து, காக்காப்பொன் மினுங்கும் தூளுக்குள்ளிருந்து அதைத் தோண்டியெடுத்த பேச்சிராஜாவுக்கும் எண்ணத் தெரிகிறது என்பதுதான் அவனுக்கு எரிச்சல்.

"அண்ணாச்சி, பதிமூணு இருக்கு. இது வேண்டாம். குழியிலயே போட்டு மூடிருவோம்."

"ஏலே, பதிமூணு வரைக்கும் எண்ணப் படிச்சிட்டியோ? பெரிய ஆளுதான்."

"சிரிக்காதிய. அந்த ஒரு முகத்த மட்டும் உத்துப் பாத்தா, உள்ள ஆரோ நிக்க மாரி இருக்கு."

துரைப்பாண்டி யாருக்கும் முகம் கொடுத்துப் பேசுகிறவன் இல்லை. தோண்டுகிறவர்கள் வியர்வை நாற்றம் பிடித்த பொய்யர்கள், வாங்குகிறவர்கள் பாறைத் துண்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் கொஞ்சும் வெளிநாட்டுக் கிறுக்கர்கள், நடுவில் தான் ஒருவன்தான் மூளை உள்ளவன் என்பது அவன் எண்ணம். கல்லைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டான்.

"பயந்தாங்கொள்ளிப் பயலே, இனி எம் மூஞ்சியில முழிக்காத."

பைக்கைக் கிளப்பினான். கண்ணாடியில் பார்த்தபோது, பேச்சிராஜா பாறையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தான். மரியாதை கெட்டவன்.

சங்கரன்கோவிலில் வீட்டுக்கு வந்தபோது மணி மூன்று. மனைவி வாசுதேவநல்லூரில் ஒரு சடங்கு வீட்டுக்குப் போயிருந்தாள். மகள் பள்ளிக்கூடம் விட்டு வர இன்னும் நேரமிருந்தது. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வெயில் சூட்டோடு இறங்கிய குழாய்த் தண்ணீரில், பழைய பல் பிரஷ்ஷால் அவன் கல்லைத் தேய்த்துக் கழுவ, ஈர மண்வாசத்துக்கு அடியிலிருந்து வேறொரு வாசம், யாரோ மிக அருகில் குனிந்து மூச்சு விட்டால் வருமே அந்த வெதுவெதுப்பான வாசம், மெல்லக் கிளம்பி மூக்கை நெருடியது. சே, சாக்கடை வாடையாக இருக்கும்.

படம் எடுத்து அனுப்புவதற்காகக் கல்லை முன்னறை மேசையில் வைத்து இன்னொரு முறை எண்ணினான்.

பதினான்கு.

மறுபடி எண்ணினான். பதினான்குதான். காலையில் தானும் தப்பாக எண்ணியிருக்கிறான், அந்த மடையன் சொன்னதைக் கேட்டுக்கொண்டு.

போன் அடித்தது. பேச்சிராஜாவின் மனைவி இசக்கிசெல்வி.

"அண்ணாச்சி, அவுகள என்ன சொன்னிய? வந்ததுலருந்து தலையில துண்டப் போட்டுட்டுச் செவுத்தப் பாத்தே உக்காந்திருக்காவ."

"குடிச்சிருப்பான்."

"குடிக்கல அண்ணாச்சி. இப்பத்தான் துண்ட வெலக்கிப் பாத்தேன்…"

அதற்கு மேல் அவள் மூச்சு மட்டும் கேட்டது. மூச்சு மட்டும் கேட்டது. நடிப்புக்காரிகள் என்று திட்டி போனை அணைத்தான்.

பதினான்காவது முகத்தில் சாய்வாக ஒரு கீறல் இருந்தது. பேச்சிராஜாவின் மோவாயில் உளி தெறித்த தழும்பும் இப்படித்தான் சாய்ந்திருக்கும். துரைப்பாண்டியின் கை கல்லை விட்டு விலகியது. பயமா? எனக்கா? வெட்கமாக இருந்தது அவனுக்கு. திரும்ப எண்ணத் தொடங்கினான். ஒன்பது. பத்து.

"அப்பா, அது என்ன கல்லுப்பா?"

தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள் பொன்செல்வி. எட்டாம் வகுப்பு. உலகத்தில் அவன் முகம் பார்த்துப் பேசும் ஒரே ஆள். கம்பிக் கதவு திறந்த சத்தம்கூட அவனுக்குக் கேட்டிருக்கவில்லை. தூக்கிவாரிப்போட்டது.

"சனியனே! மூஞ்சியக் காட்டாத, போ அங்கிட்டு!"

காலடிச் சத்தம் அடுப்படிக்குள் போனது.

பிறகுதான் தான் சொன்னது அவன் காதில் விழுந்தது; காலையில் பேச்சிராஜாவிடம் சொன்னதும்.

மின்விசிறி சுற்றியது. தெருவில் ஒரு ஆட்டோ போனது. விரல் தானாகக் கல்லில் நகர்ந்தது. பன்னிரண்டு. பதிமூன்று. பதினான்கு.

நிற்கவில்லை விரல்.

பதினைந்து. சின்னது. வழவழப்பு. சூடு.

ஓடினான். அடுப்படிச் சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். ரெட்டைச் சடை. தோளில் இன்னும் பை.

"மக்கா… அப்பா தெரியாமச் சொல்லிட்டேன்ட்டி. தப்புதான். இங்கன திரும்பு."

பிறந்ததிலிருந்து அவன் யாரிடமும் தப்பு என்று சொன்னதில்லை. அவள் அசையவில்லை.

"திரும்பு தாயி."

தோளைப் பிடித்தான். திருப்பினான்.

நெற்றியிலிருந்து மோவாய் வரை ஒரே தளம். கருஞ்சிவப்பு. கண் இல்லை. வாய் இல்லை. அதில் தெரிந்தது அவன் முகம் மட்டும்.

முன்னறை மேசையிலிருந்து அவள் குரல் கேட்டது.

"திரும்பிட்டேன்ப்பா. ஏன் பாக்க மாட்டேங்கிய?"