அம்பயரின் கை எங்கே?

பள்ளிக்கூடத் திருவிழாவில் ஷோனெட்டுக்குக் கிடைத்தது வாயைத் திறக்கக் கூடாத வேலை. பத்து வயதில் அதைவிடக் கஷ்டமான வேலை வேறு உண்டா?

மற்ற பிள்ளைகள் ஐஸ் விற்றார்கள், வளையம் எறிய வைத்தார்கள். ஷோனெட் மட்டும் 'இது என்ன?' என்ற அட்டைக்குப் பின்னால் நின்றாள். மேசையில் பழைய சாமான்கள். வருகிறவர்கள் பார்த்து, அவை எதற்கு என்று ஊகிக்க வேண்டும்.

ஒரு பெண்மணி இரும்புக் குறடு ஒன்றை எடுத்து, "பல் பிடுங்கறது" என்று சொல்லித் தன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். அது சர்க்கரைக் கட்டியை நறுக்குவது. முனை பிளந்த பலகையை ஒரு பையன் நாய்க்குட்டியின் நாற்காலி என்றான். அது பூட்ஸ் கழற்றுவது. ஷோனெட் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள்.

மூன்றாவது சாமான் மட்டும் அவளுக்கே புரியவில்லை. நாணல் பட்டைகளால் பின்னிய நீளமான குழாய். ஓர் ஆள் உயரம் இருக்கும். ஒரு பக்கம் வாய் திறந்திருந்தது. மறுபக்கம் மூடி, ஒரு வளையம்.

அதைக் கொண்டுவந்தவர் லவினியா மிஸ். தெற்கே தூரத்தில் இருக்கும் ருபுனுனிப் புல்வெளிப் பக்கத்துக்காரர்.

"உனக்கும் சொல்ல மாட்டேன், நீயும் யோசி" என்றார் மிஸ். "ஆனா பத்திரம். எங்கம்மா இதத் தினமும் வெச்சு வேலை செய்யறவங்க. ரெண்டு வாரத்துக்குன்னு கெஞ்சி வாங்கிட்டு வந்திருக்கேன். ஒரு பட்டை அறுந்தாலும் நான் ஊருக்குப் போக முடியாது."

"கண்ணை எடுக்க மாட்டேன் மிஸ்" என்றாள் ஷோனெட். மிஸ் பரிசளிப்பு வேலையைப் பார்க்கப் போனார்.

அப்போதுதான் ஃபிட்ஸ்ராய் அங்கிள் வந்தார். பக்கத்து மைதானத்தில் அன்று கிரிக்கெட். அவர்தான் அம்பயர். வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தொப்பி, வலது கையில் பாதி தின்ற அன்னாசித் துண்டு. தெரியாது என்ற சொல் மட்டும் அவருக்குத் தெரியாது.

"இது கூடவா தெரியல? ஒடிஞ்ச கைக்குப் போடற கட்டு" என்றார். "மைதானத்துல நான் பார்க்காத ஒடிஞ்ச கையா?"

"அங்கிள், தொடாதீங்க."

"தொடல பாப்பா. போட்டுக் காட்டறேன்."

அன்னாசியோடு கை தோள்வரை உள்ளே போனது. கூட்டம் சேர்ந்துவிட்டது. அவர் பெருமையாகச் சுற்றிவந்து காட்டினார். பிறகு கையை வெளியே எடுக்கப் பார்த்தார். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். குழாய் இன்னும் பலமாகப் பிடித்துக்கொண்டது.

"மேட்ச் ஆரம்பிக்கப் போவுது. ரெண்டு கேப்டனும் உங்களத் தேடறாங்க" என்று யாரோ சொன்னார்கள்.

"விரலே தூக்க முடியாத அம்பயரா?" என்று இன்னொருவர் சிரித்தார். "இன்னிக்கு யாருமே அவுட் கிடையாது."

இளநீர் விற்கும் ஹர்தத் அங்கிள் உதவிக்கு ஓடிவந்தார். குழாயின் வளையத்தைப் பிடித்து, ஒரு காலை மேசையில் ஊன்றி இழுத்தார். ஃபிட்ஸ்ராய் அங்கிளும் கூடவே வந்தார். கை மட்டும் வரவில்லை.

"யோவ், கையைப் பிச்சு எடுத்துடாத."

"நீ ஏன்யா உள்ள விட்ட? சரி, அசையாம நில்லு" என்று ஹர்தத் அங்கிள் தன் இளநீர்க் கத்தியை எடுத்தார். "குழாயக் கிழிச்சுடறேன்."

ஷோனெட் ஓடிப்போய்க் குழாய்க்கும் கத்திக்கும் நடுவில் நின்றாள்.

"வெட்டாதீங்க அங்கிள். இது மிஸ்ஸோட அம்மாவோடது."

"கையா கூடையா, எது முக்கியம்?"

"ரெண்டும்தான். கொஞ்சம் இருங்க, கொஞ்சம்."

அவள் குழாயை உற்றுப் பார்த்தாள். மேசையில் கிடந்தபோது இது இவ்வளவு நீளம் இல்லையே? இவ்வளவு ஒல்லியாகவும் இல்லையே? இழுக்க இழுக்க நீண்டிருக்கிறது. நீள நீள ஒடுங்கியிருக்கிறது.

"அங்கிள், கையை உள்ள தள்ளுங்க."

"இன்னும் உள்ளயா? போனது போதாதா பாப்பா?"

"தள்ளுங்க. ஹர்தத் அங்கிள், நீங்க அந்தப் பக்கத்துலேர்ந்து இவரப் பாத்துத் தள்ளுங்க."

கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவர் தள்ளினார். குழாய் குட்டையானது. குட்டையாக ஆகக் குண்டானது. ஃபிட்ஸ்ராய் அங்கிளின் கை மெல்ல நழுவி வெளியே வந்தது. கையெல்லாம் பின்னல் தடம். விரல்களுக்கு நடுவில் அன்னாசியின் வெறும் சக்கை.

"என் பழம் எங்க?" என்றார்.

"என் செருப்புல" என்றார் ஹர்தத் அங்கிள். அவர் இழுத்தபோது சாறு முழுக்க அவர் காலில் சொட்டியிருந்தது.

ஷோனெட் சக்கையைப் பார்த்தாள். செருப்பைப் பார்த்தாள். குழாயின் வாயில் மூக்கை வைத்து முகர்ந்தாள். அன்னாசிக்கு அடியில் வேறொரு வாசனை, லேசான புளிப்பு; வீட்டில் மரவள்ளிக்கிழங்கு துருவும்போது வருகிற அதே வாசனை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு லவினியா மிஸ் வந்தார். முதலில் குழாயைத் தடவிப் பார்த்தார். ஒரு பட்டைகூட அறுந்திருக்கவில்லை.

"மிஸ், இது பிழியறதுக்கு" என்றாள் ஷோனெட். "மரவள்ளிக்கிழங்கத் துருவி உள்ள அடைச்சு, தொங்கவிட்டு இழுக்கணும். சரியா?"

மிஸ்ஸின் முகம் மலர்ந்தது. "ரொம்பச் சரி. மட்டாபின்னு பேரு. அந்தச் சாறப் பக்குவமா காய்ச்சினாத்தான் காசரீப். கிறிஸ்துமஸ் காலையில பெப்பர்பாட் கறிக்குழம்புல கறுப்பா ஊத்தறீங்களே, அதுதான்."

"வருஷா வருஷம் மூணு தட்டு சாப்பிடறேன்" என்றார் ஃபிட்ஸ்ராய் அங்கிள், விரலை நக்கிக்கொண்டே. "கடையில பாட்டில்லேயே விளையுதுன்னுல்ல நெனச்சேன்."

"காய்ச்சாத பச்சைச் சாறு விஷம்" என்றார் மிஸ்.

அவர் விரல் வாயிலேயே நின்றுவிட்டது.

"பயப்படாதீங்க. நல்லாக் கழுவிக் காய வெச்சது. நீங்க நக்கினது அன்னாசிதான்."

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு மைதானத்தை நோக்கி ஓட்டம் பிடித்தார். கூட்டத்தில் ஐந்தாறு பேர், "நான் ஒரு தடவ கை விட்டுப் பாக்கட்டுமா?" என்று வரிசையில் நிற்கத் தொடங்கினார்கள்.

"நீயே இதுக்கு ஒரு அட்டை எழுதிடு" என்று மிஸ் பேனாவை நீட்டினார்.

ஷோனெட் எழுதினாள்: 'மட்டாபி. மரவள்ளி பிழிவது. இழுத்தால் பிடிக்கும், தள்ளினால் விடும்.'

சற்று யோசித்து, அடியில் இன்னும் ஒரு வரி சேர்த்தாள்:

'அம்பயர்கள் தொடக் கூடாது.'