மேசை மேலிருந்த மூடி

தைப்பிங்கில் மழை பெய்யாத மத்தியானம் கிடையாது. அன்றும் கொட்டிக்கொண்டிருந்தது. ரொக்கையா அக்கா தன் முப்பது வருடப் பழைய காரை மெல்ல உருட்டிக்கொண்டு என் பட்டறைக்குள் வந்தார். அவர் புருஷன் ஹம்டான் போய்ச் சேர்ந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. காலமெல்லாம் பெட்ரோல் நிலையத்தில் நின்று வண்டிகளுக்குப் பெட்ரோல் ஊற்றிய மனுஷர்.

மலைக்கு அந்தப் பக்கம், கோத்தாபாருவில் மகளுக்கு நிறைமாதம். மறுநாள் விடிந்ததும் அக்கா தனியாக மலைப்பாதை ஏறியாக வேண்டும். ஆனால் கார் ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது. உள்ளே பெட்ரோல் நாற்றம் மூக்கைத் துளைக்கிறது. பஸ்ஸில் போகலாமே என்றேன். காரை விட்டுப் போக மனசு வரவில்லை என்றார்.

"வழியில எரிஞ்சு கிரிஞ்சு போகாம பாத்துக் குடு தம்பி. எனக்குன்னு இருக்கறது அவ ஒருத்திதான்."

சாவியை வைத்துவிட்டு எதிர்க் கடைக்குத் தேநீர் குடிக்கப் போனார். பட்டறையில் நான் ஒண்டிக்கட்டை. வீட்டிலும் அப்படித்தான், மனைவி இறந்து ஆறு வருடம். பேச்சுத் துணைக்கு ஒரு ரேடியோ. மழையில் அதுவும் கரகரவென்று இரைந்ததால் அணைத்துவிட்டேன்.

முதலில் பெட்ரோல். தொட்டியிலிருந்து வரும் குழாயை விரலால் தடவிக்கொண்டே வந்தேன். ஓரிடத்தில் ரப்பர் வெடித்துக் கசிந்தது. மாற்றிவிட்டு, கதவுகளைத் திறந்துபோட்டேன். பின் இருக்கையில் நாற்றம் போய்விட்டது. ஓட்டுகிற பக்கமும் போய்விட்டது. பக்கத்து இருக்கையில் மட்டும் அப்படியே இருந்தது.

பழைய மெத்தை, ஊறிப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு தண்ணீர். ரேடியேட்டர் மூடியைக் கழற்றி மேசை மேல் வைத்தேன். மூடி இருந்த வாயில் சோதனைப் பம்பை மாட்டிக் காற்றடித்ததும் அதன் அழுத்த முள் இறங்கியது; எங்கோ ஒழுகுகிறது. அட்டையைப் போட்டு அடியில் படுத்துப் பார்த்தால், கீழ்க்குழாயின் கவ்வியிலிருந்து பச்சைத் தண்ணீர் சொட்டியது. புதுக் கவ்வி போட்டு முறுக்கினேன். சொட்டு நின்றது.

அப்போது கார் தாழ்ந்தது.

பக்கத்து இருக்கையில் யாராவது ஏறி உட்கார்ந்தால் தாழுமே, அந்த அளவுதான். ஸ்பிரிங் முனகியது. கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"அக்கா?"

பெட்ரோல் நாற்றம் என் முகத்துக்கு இறங்கி வந்தது.

உருண்டு வெளியே வந்து பார்த்தேன். இருக்கை காலி. பெல்ட் மாட்டியிருந்தது.

பயந்துபோனேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பம்பைப் பிடுங்கிவிட்டு, பானட்டை அறைந்து சாத்தினேன். மழையில் நனைந்துகொண்டே ஓடிப்போய் அக்காவிடம் சாவியைக் கொடுத்தேன். பெல்ட்டைப் பற்றி மூச்சு விடவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பட்டறையைத் திறந்தேன்.

மேசை மேல் ரேடியேட்டர் மூடி.

மூடியில்லாமல் மலை ஏறினால் பத்து மைல் தாங்காது. தண்ணீர் கொதித்துப் பீய்ச்சியடித்து இன்ஜின் இறுகிவிடும். யானை நடமாடும் காட்டில் ஒற்றைப் பொம்பளை என்ன செய்வார்? பாவி, பயத்தில் இப்படிச் செய்துவிட்டேனே. ஃபோன் போட்டேன், லைன் கிடைக்கவில்லை. சோறு தண்ணி இல்லாமல் போட்டுக்கொண்டே இருந்தேன்.

மூன்று மணிக்கு அவரே கூப்பிட்டார். வந்து சேர்ந்தாயிற்றாம். வழி நெடுக சூடு காட்டும் முள் ஏறவே இல்லையாம். பெட்ரோல் வாசனை மட்டும் கூடவே வந்ததாம்.

மூடி விஷயத்தைச் சொன்னேன். அக்கா ஃபோனோடு காரிடம் நடந்தார். பானட்டைத் தூக்கும் சத்தம் கேட்டது.

"தண்ணி நெறைய இருக்கு தம்பி," என்றார் மெல்ல. "மூடி போடுற வாயச் சுத்தித் தோல் ஒட்டியிருக்கு. உள்ளங்கைத் தோலு. வெந்துபோன மாதிரி."

மூடியை இன்றே அனுப்பிவிடுகிறேன் என்றேன்.

"வேணாம். மூடியப் போட்டுட்டா அவரு எதுக்கு வரப்போறாரு?"

என் மனைவி ஒருநாளும் வந்ததில்லை. அக்காவை நினைத்தால் பயமாகவும் இருக்கிறது, பொறாமையாகவும் இருக்கிறது.

மூடி இன்னும் என் மேசை மேல்தான் கிடக்கிறது. கார் நிற்கிற நாளில் ஜில்லென்று இருக்கும். அக்கா எங்காவது கிளம்பிவிட்டால் அதைத் தொட முடியாது. சுடும்.