ஆடிக்காற்றில் காய்ந்த பலா

அடுப்படியிலிருந்து மனைவி சங்கிலியம்மாள் காப்பியோடு நடந்துவந்தபோது டக், டக் என்று கேட்டது. மரச்செருப்பு போட்டிருக்கிறாளோ என்று பலவேசம் குனிந்து பார்த்தார். வெறுங்கால்தான். ஆடிக்காற்றில் தன் காதுதான் அடைத்துக்கொண்டது என்று நினைத்து அவர் காப்பியை வாங்கிக் குடித்தார்.

கம்பத்தில் அவருக்கு மரக்கடை. வீடும் கடையும் ஒரே காம்பவுண்டுக்குள். பக்கத்திலேயே புதுவீட்டுக்கு அஸ்திவாரம் போட்டாகிவிட்டது. ஆவணி முதல் முகூர்த்தத்தில் தலைவாசல் நிலை வைக்க வேண்டும். நிலைக்கும் கதவுக்கும் மாமனார் சீராகக் கொடுத்தது கூடலூர்த் தோட்டத்துப் பலாமரம். சங்கிலி பிறந்த வருஷம் நட்டதாம். வைகாசியில் வெட்டி, அறுத்துக் கொண்டுவந்திருந்தார்கள்.

"ஒரு வருஷமாச்சும் நிழல்ல காயணும்யா" என்று ஊருக்கெல்லாம் படித்துப் படித்துச் சொல்கிற மனுஷன், தன் வீட்டுக்கு வந்ததும் அவசரப்பட்டார். பலகைக்குப் பலகை நடுவே காற்றுப் போக ரீப்பர் கட்டை கொடுத்து, கூரையில்லாத வெட்டவெளியில், குமுளி மலையிலிருந்து இறங்கி வருகிற காற்றுக்கு நேராக அடுக்கிவைத்தார். காற்று ராப்பகலாக இடுக்குகளில் புகுந்து ஊளையிட்டு, இருக்கிற ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு ஓடைப்பட்டிப் பக்கம் போனது.

ஆடி பாதியில் சங்கிலியின் உள்ளங்கை மஞ்சளித்தது. காமாலை இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். உதடு வெடித்தது, ரத்தம் வரவில்லை. குதிகாலில் விழுந்த பிளவு கணுக்கால்வரை நேர்கோடாக ஏறியது. எத்தனையோ பலகை முனையில் அந்தக் கோட்டைப் பார்த்தவர் பலவேசம். அறைக்குள் புளித்த இனிப்பாகப் பலாமர வாசனை அடித்தது. தன் சட்டையில்தான் அடிக்கிறது என்று சட்டையை மாற்றினார். அப்புறமும் அடித்தது.

"சங்கிலி, என்னத்தா செய்யுது?"

"ஒண்ணும் செய்யலங்க. பசிக்கல. அழுகையும் வரல. சும்மா இருக்கேன்."

பலகைகளின் முனை வெடிக்கிறதே என்று ஒருநாள் காலையில் அவர் அடுக்கின்மேல் ஈரச்சாக்கைப் போர்த்தினார். அன்று மத்தியானம் சங்கிலி தானாக எழுந்து இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்தாள். அம்மாவை நினைத்து அழுதாள். கண்ணீர் வந்தது! பலவேசத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பயம் வந்தது. சாக்கை எடுத்துப் பார்த்தார். பொழுது சாய்வதற்குள் அவள் வாய் இறுகித் திறக்க முடியாமல் போனது. திரும்பப் போர்த்தினார்.

அதற்குப்பிறகு அவர் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை. ஒருவரிடமும் சொல்லவில்லை, சொன்னால் சிரிப்பார்கள். காலையும் மத்தியானமும் மாலையும் குடம் குடமாகத் தூக்கி ஊற்றினார். மனசு மரத்துப்போனது. கை மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தது.

ஆசாரி கருத்தக்கண்ணனுக்கு இது பிடிபடவில்லை.

"காயவச்ச மரத்த நீங்களே நனைச்சா எப்பிடி மொதலாளி? நிலை என்னாச்சுன்னு ஒங்க மாமனாரு நேத்துகூட ஆள் விட்டுக் கேட்டாக."

"நிலையும் வேணாம் கதவும் வேணாம். பலகையத் தொடாதய்யா."

ஆசாரி பெரிதாகத் தலையாட்டினான். பொண்டாட்டி கிடக்கிற கிடையில் முதலாளிக்குப் புத்தி பேதலித்துவிட்டது, நாள் தவறாமல் நிலையை நிறுத்திவிட்டால் வீட்டைப் பிடித்தது விலகிவிடும் என்று அவன் கணக்கு. நல்ல மனசுதான்.

மறுநாள் உச்சிவெயிலில் பலவேசம் சங்கிலிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். குடம் சுமந்த அலுப்பில் கண் செருகியது. காற்றின் இரைச்சலுக்கு நடுவே ஒரு சத்தம்.

சர்ர்ர்ர்க்.

நீளமான, வழுக்கிக்கொண்டு போகிற சத்தம். முப்பது வருஷமாக மரம் சீவக் கேட்ட சத்தம். இழைப்புளி.

கண்ணைத் திறந்தார்.

சங்கிலியின் முழங்காலுக்குக் கீழே மஞ்சளாக ஒரு பட்டை எழும்பியிருந்தது. மெல்லியது. சுருண்டது. பாயில் விழுந்தது. ரத்தமில்லை. விழுந்த இடத்தில் மினுமினுவென்று மரத்தின் ரேகை.

வாசலுக்கு ஓடினார். ஆசாரி முதுகைக் காட்டிக் குனிந்திருந்தான். பட்டறைமேல் ஒரே ஒரு பலகை.

"ஏலே! நிறுத்துலே!"

காற்று அந்தச் சத்தத்தை அவர் வாய்க்குள்ளேயே தள்ளியது. ஆசாரி இழைப்புளியை ஊதித் துடைத்து, பலகையின் தலைமாட்டில் வைத்தான்.

"ஏங்க" என்றாள் சங்கிலி பின்னாலிருந்து. குரலில் பதற்றமே இல்லை. காலை ஒரு விரலால் தடவிக்கொண்டிருந்தாள். "உள்ளுக்குள்ள எம்புட்டு வழவழன்னு இருக்கு பாருங்க."

சர்ர்ர்ர்க்.

இரண்டாவது சுருள் அவள் நெற்றியிலிருந்து கிளம்பியது. கண்ணைத் தாண்டி, கன்னத்தைத் தாண்டி, அறுபடாமல் இறங்கி வந்தது. அவள் வாகாக முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள்.