மருந்துக்கடை வாசலில் நின்ற பஸ்

"வண்டிய நிறுத்துங்க..." என்றாள் எப்சி.

"கம்பெனி பஸ்ஸும்மா. நடுவுல நிக்காது," என்றான் புது டிரைவர் பிரேம்நாத், திரும்பாமலே.

"அவசரம்."

"இன்னா அவசரம்?"

எப்படிச் சொல்வாள்? மாதனூரில் ஏறும்போதே அடிவயிறு இழுத்தது. நாள் முந்திக்கொண்டுவிட்டது. கையில் ஒன்றுமில்லை... ஷூ கம்பெனி பாத்ரூமில் தண்ணீர் வந்தாலே அதிசயம். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு நின்றாள்.

கண்ணாடியில் அவன் பார்வை உயர்ந்தது. மழையில் நனைந்தது போன்ற அவள் கருவிழிகள்... அவற்றில் அப்படியொரு தவிப்பு. மருந்துக்கடை வாசலில் பஸ் நின்றது.

"பக்கத்து பெட்ரோல் பங்க்ல பாத்ரூம் இருக்கு. நிதானமா வாங்க," என்றான் மெல்ல.

புரிந்துவிட்டதா இவனுக்கு? வெட்கம் பிடுங்கித் தின்றது. கொஞ்சம் கோபமும்.

பஸ் தாமதமானது. கம்பெனி கேட்டில் மேனேஜர் சுஹேல் அகமது காரணம் கேட்டார். தனக்கு டீ குடிக்கத் தோன்றியதாகச் சொன்னான் பிரேம்நாத். அன்றே அவனைத் தோல் ஏற்றும் லாரிக்கு மாற்றிவிட்டார்கள். எப்சி பக்கத்தில்தான் நின்றாள்... வாய் திறக்கவில்லை.

அதன்பிறகு அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவள் தைக்கும் ஷூவில் தையல் கோணியது. லாரிச் சத்தம் கேட்டால் கழுத்து தானாகத் திரும்பியது. ஒருநாள் அவன் தூரத்திலிருந்து சிரித்தான். கோபித்திருந்தால்கூடப் பரவாயில்லை... அந்தச் சிரிப்புதான் குத்தியது.

மதியச் சாப்பாட்டை அப்படியே மூடிவைத்துவிட்டு மேனேஜர் அறைக்குள் நுழைந்தாள்.

"அன்னிக்கு பஸ்ஸ நிறுத்தச் சொன்னது நான்தான் சார். எனக்கு தீட்டு வந்துடுச்சு. இங்க நாப்கின் கிடையாது, மாத்த எடம் கிடையாது. மாசாமாசம் நாங்க எல்லாரும் இப்பிடித்தான் தவிக்கிறோம்."

மேனேஜர் மேஜையைப் பார்த்தார். வாசலில் அவளோடு தையல் லைனில் வேலைசெய்யும் பெண்கள் வந்து நின்றிருந்தார்கள். ஒருத்தியும் நகரவில்லை.

அடுத்த வாரமே பாத்ரூமில் தண்ணீர் வந்தது; நாப்கின் பெட்டியும் வந்தது. பிரேம்நாத் மறுபடி பஸ்ஸுக்கு வந்தான்.

சாயங்காலம் எல்லோரும் பஸ்ஸில் ஏறுமுன் எப்சி ஓடிவந்தாள்.

"அவ்ளோ பேர் முன்னாடி அத எப்பிடிங்க சொன்னீங்க?" என்றான் அவன்.

"அது சுலபமா இருந்துச்சு... இதத்தான் சொல்ல வர மாட்டேங்குது."

"எது?"

எப்சி தலை குனிந்தாள். பிறகு நிமிர்ந்து அவன் கண்களையே பார்த்தாள்.

"உங்கள எனக்குப் புடிச்சிருக்கு."