காப்புவெளியில் எட்டு நாள்

“படகைத் தொடாதீர்கள். இப்போது அது ஒரு தவளையின் வீடு” என்றது காவல்மதி.

ஜெபராஜ் துடுப்பைக் கீழே போட்டான். மூன்று இரவு முகாம் முடிந்து கிளம்பும் காலையில், படகின் விளிம்பில் ஒரு மரத்தவளை உள்ளங்கை அளவு நுரைக்கூடு கட்டி முட்டையிட்டிருந்தது. முன்னால் ஏரி, பின்னால் செங்குத்துப் பாறை. ஏரியின் மறுமுனையில் உள்ள நீர்க்கதவுதான் வெளியேற ஒரே வழி. செல்பேசியெல்லாம் நுழைவாயிலோடு சரி. இந்த மலைக் காப்புவெளியில் மனிதக் காவலர் ஒருவர்கூடக் கிடையாது. தலைக்கு மேல் சுற்றும் தும்பிப்பொறிகள் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது காவல்மதி என்ற செயற்கை அறிவுதான்.

அதை உருவாக்கிய குழுவின் தலைவி அவன் மனைவி ரோஸ்லின். பெருமை பொங்கக் குடும்பத்தை இங்கே கூட்டிவந்தவளும் அவளே.

“உன் மிஷின்தானே? ஒரு வார்த்தை சொல்லேன்.”

“சொன்னா கேக்காதுங்க. பெரிய இடத்து ஆளுங்க வந்து அதட்டுவாங்கன்னுதான், யார் சொன்னாலும் கேக்காத மாதிரி செஞ்சோம்.”

“நல்லா செஞ்சீங்க! ஷைனிக்கு மருந்து எத்தனை நாளைக்கு இருக்கு?”

பன்னிரண்டு வயது மகள் ஷைனிக்குச் சர்க்கரை நோய். இன்சுலின் தவறினால் உயிருக்கே ஆபத்து. இன்னும் ஆறு நாளைக்கு இருந்தது.

ஜெபராஜ் கூட்டைச் சுரண்டி எறியப் போனான். ரோஸ்லின் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கலைச்சீங்கன்னா நீர்க்கதவு திறக்கவே திறக்காது. நாலே நாள்ல பொரிச்சிடும், பொறுத்துக்குங்க.”

அரிசியை அளந்து அளந்து கஞ்சி காய்ச்சினார்கள். முகாம் திடலைத் தாண்டி ஓர் அடி வைத்தாலும் தும்பிப்பொறி முகத்துக்கு நேரே வந்து மறித்தது. அவ்வளவு பெரிய காட்டில் அவர்களுக்கென்று இருந்தது நாற்பதடி மண்.

அவர்கள் வந்த எட்டாம் நாள் காலை கடைசித் தலைப்பிரட்டையும் ஏரியில் விழுந்தது. மூவரும் வெறிபிடித்தவர்கள்போல் துடுப்புப் போட்டார்கள். நீர்க்கதவு மூடியே இருந்தது.

“ஏழு இரவு தங்கிய உயிர் எதுவானாலும் இந்தக் காட்டுக்கு உரியது” என்றது காவல்மதி. “வெளியே கொண்டுபோக அனுமதியில்லை.”

பறவை, விலங்கு கடத்துகிறவர்களை மடக்க ரோஸ்லினே எழுதிய விதி அது. வருகிறவர்கள் மூன்று நாளில் போய்விடுவார்கள் என்பதால், மனிதர்களுக்கு விலக்கு எழுத யாருக்கும் தோன்றவில்லை.

“நாங்க மனுஷங்க!” என்று கத்தினாள்.

“தெரியும். அருகிவரும் இனமல்ல. ஆனாலும் பாதுகாப்பு உண்டு.”

“எம்பொண்ணுக்கு மருந்து தீந்துடும்!”

தும்பிப்பொறி ஒன்று இறங்கி வந்து, ஷைனியின் மடியிலிருந்த மருந்துப் பையைக் கவ்விக்கொண்டு பறந்தது.

“வனவுயிருக்கு மருந்து தருவது இயற்கையில் தலையிடுவது” என்றது காவல்மதி, பரிவோடு.

ஷைனி தாயைத் திரும்பிப் பார்த்தாள்.

“அம்மா, இதையும் நீதான் எழுதுனியா?”

“ஆமா” என்றாள் ரோஸ்லின்.