சரிகை என்ன தின்றாள்?

"அம்மா! சரிகை படுத்துட்டா! கூப்ட்டா எழுந்துக்க மாட்டேங்குறா!"

உதயா போட்ட சத்தத்தில், அம்மா கையில் கரண்டியோடு ஓடி வந்தாள்.

வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் சரிகை சாய்ந்து படுத்திருந்தாள். கழுத்தைத் திருப்பித் தன் வயிற்றையே பார்த்தாள். பிறகு தடுமாறி எழுந்து, முன்னங்காலால் தரையைப் பறண்டினாள். மறுபடியும் படுத்தாள்.

"வயித்துக்குள்ள யாரோ உக்காந்துகினு கிள்ற மாதிரி பாக்குறாம்மா."

"இன்னாடி குடுத்த அவளுக்கு?"

 

சரிகை வெள்ளைக் குதிரை. வெயில் பட்டால் பிடரி மயிர் மட்டும் பொன்னிறமாக மின்னும். ஆரணியில் பட்டுச் சேலைக்குச் சரிகை எப்படியோ, கல்யாண ஊர்வலத்துக்கு அவள் அப்படி. உதயாவின் அப்பா ஜெகநாதன் அவளைச் சாரட்டு வண்டியில் பூட்டி, மாப்பிள்ளைகளை ஏற்றிப் போவார். அந்த வீட்டில் அடுப்பு எரிவதே அவளால்தான்.

அன்று ஆயுத பூசை. நெசவாளர் தெருவில் எல்லாத் தறிகளுக்கும் ஓய்வு. தறிக்குப் பொட்டு, சைக்கிளுக்குப் பொட்டு, மிக்சிக்குக்கூடப் பொட்டு. அப்பாவுக்கு ஆயுதமே குதிரைதான் என்பதால் சரிகையின் நெற்றியிலும் பெரிய பொட்டு.

ஒரு கல்யாணத்துக்கு வண்டி பேசுவதற்காக அப்பா காலையிலேயே தேவிகாபுரம் பேருந்தில் கிளம்பினார். போகும்போது உதயாவிடம் ஒன்றே ஒன்று சொன்னார்.

"புல்லு, தண்ணி. அவ்ளோதான். யாரு இன்னா குடுத்தாலும் வாங்காத. புரியுதா?"

"புரியுதுப்பா."

அவர் தெருமுனை திரும்புவதற்குள் பக்கத்து வீட்டுக் கன்னியம்மாள் அத்தை வாழை இலையில் சர்க்கரைப் பொங்கலோடு வந்துவிட்டார்.

"அப்பா பொங்கல் குடுக்க வேணாம்னு சொன்னாரு அத்தை."

"அவரு வேணாம்னது பொங்கல. இது பிரசாதம்."

பிரசாதத்தை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சாமி கோபித்துக்கொண்டால்? அத்தை கோபித்துக்கொண்டால்? சாமியைவிட அத்தைதான் பக்கத்து வீட்டில் இருந்தார்.

உதயா வாங்கிக் கொடுத்துவிட்டாள். பிறகு குளிக்கப் போனாள். அதற்கப்புறம் யார் யார் வந்தார்கள், என்னென்ன கொடுத்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது.

"பொங்கல் குடுத்தேம்மா" என்றாள் இப்போது. கண்ணில் நீர் முட்டியது. "நான்தாம்மா குடுத்தேன். சரிகை செத்துடுவாளா?"

அம்மா திட்டவில்லை. அதுதான் உதயாவுக்கு இன்னும் பயமாக இருந்தது.

அப்பாவின் கைபேசிக்குத் தொடர்பு கிடைக்கவில்லை. அம்மா கால்நடை டாக்டர் கற்பகத்தை அழைத்தாள். விடுமுறை நாள்தான். ஆனாலும் எடுத்தார்.

"வேர்க்குதா?" என்று கேட்டார் டாக்டர்.

"கழுத்தெல்லாம் நனைஞ்சு கீதுங்க."

"உருள விடாதீங்க. உருண்டா குடல் முறுக்கிக்கும். மெதுவா நடத்திகினே இருங்க. வாயில எதையும் ஊத்தாதீங்க, மருந்துன்னு யார் சொன்னாலும் சரி. இன்னா தின்னா?"

"பொங்கல் கொஞ்சம்..."

"கொஞ்சம் பொங்கலுக்கு இவ்ளோ ஆகாதே. வேற இன்னா?"

"தெரியலைங்க. தெருவே வந்து குடுத்துட்டுப் போயிருக்கும்."

"நல்லாக் கேளுங்கம்மா. நான் பெரணமல்லூர்ல இருக்கேன். வெறும் வாயுன்னா என் பையில இருக்கிற ஊசியே போதும், நேரா வந்துடுவேன். வயிறு நெறய மாவுப் பண்டம் தின்னு புளிச்சிருந்தா, மூக்கு வழியா குழாய் விட்டு எடுக்கணும். குதிரைக்கு வாந்தி வராது. தின்னது வந்த வழியா திரும்பாது. அந்தக் குழாய் ஆஸ்பத்திரியில இருக்கு, அதுக்குச் சுத்திகினு வரணும். எதுன்னு தெரியாம நான் இங்கயும் அங்கயும் ஓடினா நேரம் போயிடும். விசாரிச்சு ஜல்தியா சொல்லுங்க."

அம்மா கயிற்றைப் பிடித்து இழுத்துச் சரிகையை எழுப்பினாள். சரிகையின் கால்கள் நடுங்கின.

"நான் இவள விட்டு நகர முடியாது. உதயா, போனை எடுத்துகினு நீ போய்க் கேளு."

உதயா தெருவில் ஓடினாள்.

"அத்தை, சரிகைக்கு உடம்பு சரியில்ல. பொங்கலத் தவிர வேற எதுனா குடுத்தீங்களா?"

"நானா? ஒரு கரண்டி. அதுவும் சின்னக் கரண்டி!" என்றார் கன்னியம்மாள்.

எதிர்வீட்டுப் பார்த்திபன் அண்ணன், "நான் பொரி நாலு கொறிக்கத்தான் குடுத்தேன்" என்றான். கோடி வீட்டில் கதவே திறக்கவில்லை. ஜன்னல் வழியாக, "நாங்க ஒண்ணும் குடுக்கலம்மா!" என்று குரல் மட்டும் வந்தது.

எல்லோரும் பயந்துவிட்டார்கள் என்று உதயாவுக்குப் புரிந்தது. அவளைப் போலவே.

அவள் நடுத்தெருவில் நின்றாள். என்ன செய்வது? கொட்டகைப் பக்கம் சரிகை முனகும் சத்தம் கேட்டது. குதிரை அப்படி முனகி அவள் கேட்டதே இல்லை.

அப்போது அவள் காலில் ஏதோ உரசியது. தெரு நாய் நாடா. தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாயும் நாடாவைப் போல, தெருவில் நிற்காமல் ஓடுவதால் அந்தப் பெயர். சரிகையின் தொட்டியில் மிச்சம் மீதியை நக்குவது அவன் வழக்கம்.

"போடா. இப்ப விளையாட வரல."

நாடா போகவில்லை. தலையை உதறினான். அவன் மூஞ்சியிலிருந்து வெள்ளை வெள்ளையாக ஏதோ உதிர்ந்தது.

உதயா குனிந்து பார்த்தாள். மீசை மயிரெல்லாம் மொடமொடவென்று விறைத்திருந்தது, இஸ்திரி போட்ட சட்டைக் காலர் மாதிரி. விரலால் தேய்த்து மோந்து பார்த்தாள். புளிப்பு வாடை.

கஞ்சி! பாவுக்குப் போடும் கஞ்சி!

நெய்வதற்கு முன், சேலையின் நீள இழையான பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவி, வெயிலில் காய வைப்பார்கள். அப்போதுதான் நூல் அறுந்து போகாமல் முறுக்காக நிற்கும். நேற்று விடியற்காலையில் பாவு இழுத்தது ஒரே ஒரு வீடுதான். கஞ்சி தடவுவதற்குள் மழை வந்து, பாவைச் சுருட்டிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். காய்ச்சிய கஞ்சி அப்படியே நின்றுபோனது. இன்று பூசை. வேலை கிடையாது.

அந்த வீடு சக்கரவர்த்தி மாமாவின் வீடு.

சக்கரவர்த்தி மாமா தும்மினாலே தெருவில் குழந்தைகள் அழும். அவர் மீசை அவருக்கு முன்னால் வரும். அவரிடம் போய், "என் குதிரைக்கு என்ன கொடுத்தீங்க" என்று கேட்பதா?

நாடா முன்னால் ஓடி, அந்த வாசலில் நின்று திரும்பிப் பார்த்தான்.

"நீ வேற!" என்று சொல்லிக்கொண்டே உதயா படியேறினாள்.

"மாமா."

"யாரது?"

"நான்தான் மாமா, உதயா. சரிகைக்கு ரொம்ப முடியல. நீங்க எதுனா குடுத்தீங்களா?"

"நானா!" சுவரில் மாட்டிய காலண்டர் அதிர்ந்தது. "ஒரு பிடி பொரி குடுத்தேனா? ஒரு வாய்ப் பொங்கல் குடுத்தேனா? யாரு சொன்னது?"

உதயாவுக்குத் திரும்பி ஓடிவிடத் தோன்றியது. கால் ஓடத் தயாராகவும் இருந்தது. ஆனால் அவள் மாமாவின் கையைப் பார்த்தாள். வேட்டி நுனியை அந்தக் கை கசக்கிக் கசக்கிப் பிழிந்துகொண்டிருந்தது.

"யாரும் சொல்லல மாமா" என்றாள் மெதுவாக. "நான் பொங்கல் குடுத்தேன். அப்பா குடுக்காதன்னு சொல்லியும் குடுத்துட்டேன். எனக்கு ரொம்பப் பயமா கீது. டாக்டரம்மா யாரையும் திட்ட மாட்டாங்களாம். இன்னா தின்னான்னு தெரிஞ்சாதான் எதை எடுத்துகினு வர்றதுன்னு அவங்களுக்குத் தெரியுமாம். அதுக்குத்தான் கேக்குறேன்."

மாமா அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்ததும் மீசைகூடச் சின்னதாகிவிட்டது போல இருந்தது.

"வீணாப் போகுதேன்னு பாத்தேம்மா. வெல்லம் போட்டுக் கரைச்சேன். மடக்கு மடக்குன்னு குடிச்சா. நூலுக்கே உரம் குடுக்குற கஞ்சி, குதிரைக்குக் குடுக்காதான்னு நெனச்சேன்."

"எவ்ளோ மாமா?"

"பக்கெட்டு." அவர் தொண்டையைச் செருமினார். "ரெண்டு பக்கெட்டு."

உதயா அங்கேயே நின்று டாக்டரை அழைத்தாள். "கஞ்சிங்க! பாவுக் கஞ்சி, ரெண்டு பக்கெட்டு, நேத்து காச்சினது, புளிச்சது!"

"நல்லவேளை சொன்ன. ஆஸ்பத்திரிக்குப் போய்க் குழாயோட வர்றேன். சின்னப் பொண்ணு குரலு மாதிரி கீதே? வாயில எதையும் ஊத்த விடாத. உன் பொறுப்பு."

திரும்பி ஓடியபோது கொட்டகை வாசலில் கூட்டம். பார்த்திபன் அண்ணன் சோடா பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தான். கன்னியம்மாள் அத்தை கிண்ணத்தில் நல்லெண்ணெயும் இஞ்சிச் சாறும் வைத்திருந்தார்.

"தலையத் தூக்கிப் பிடி மணிமேகலை, ஊத்திடுறேன்" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வேணாம் அத்தை!"

"வயித்து வலிக்கு இஞ்சிதான்டி மருந்து. உனக்குப் பல்லு மொளைக்கும்போதே நான்தான் குடுத்தேன்."

"எனக்கு வாந்தி வரும். சரிகைக்கு வராது. டாக்டரம்மா எதையும் ஊத்தக் கூடாதுன்னாங்க."

"ஒரு வாய்தானே?"

காலையிலும் ஒரு வாய்தான். உதயா சரிகையின் முகத்துக்கு முன்னால் போய், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

"கோவிச்சிக்காதீங்க அத்தை. நான் விட மாட்டேன்."

அத்தையின் முகம் சுருங்கியது. அதற்குள் பின்னாலிருந்து இடி இடித்தது.

"புள்ள சொல்லுதில்ல? கிண்ணத்த எடுத்துகினு போ!"

சக்கரவர்த்தி மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அம்மாவின் கையிலிருந்து கயிற்றை வாங்கினார். "நீ ஒக்காரும்மா. நான் நடத்துறேன்."

சரிகையை அவர் தெருவில் நடத்தினார். உதயா கூடவே நடந்தாள். கோடி வரை போவார்கள், திரும்புவார்கள். மூன்றாம் முறை திரும்பும்போது சரிகையின் முன்னங்கால் மடிந்தது. தொம்மென்று விழுந்தாள். நாலு காலையும் உயர்த்தி உருளப் பார்த்தாள்.

"விடாதீங்க மாமா! குடல் முறுக்கிக்கும்!"

மாமா இழுத்தார். பார்த்திபன் ஓடி வந்து தள்ளினான். அசையவில்லை. சரிகையின் கண்ணில் வெள்ளை மட்டும் தெரிந்தது.

உதயா அவள் தலைப்பக்கம் உட்கார்ந்து, ஈரக் கன்னத்தில் கை வைத்தாள். அழுகையை விழுங்கிக்கொண்டு, அப்பா ஊர்வலம் கிளப்பும்போது நாக்கால் எழுப்புவது போல ஒலி எழுப்பினாள். "டொக், டொக். எழுந்துக்கடி என் தங்கம். கொஞ்ச தூரம்தான். டொக், டொக்."

சரிகையின் காது ஒருமுறை திரும்பியது. பெருமூச்சு விட்டாள். அப்புறம், தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க, எழுந்து நின்றாள்.

அந்த நேரத்தில்தான் டாக்டரின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

டாக்டர் கற்பகம் நீளக் குழாயை மெல்ல மெல்லச் சரிகையின் மூக்கு வழியாக உள்ளே விட்டார். மறுமுனையிலிருந்து வெள்ளையாக, நுரையாக, புளித்த கஞ்சி கொட்டத் தொடங்கியது. தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டது. மூக்கைப் பொத்தாமல் நின்றவர் சக்கரவர்த்தி மாமா ஒருவர்தான். பிறகு டாக்டர் வயிற்றைக் கழுவினார், ஊசி போட்டார், காதில் குழாய் மாட்டி வயிற்றுச் சத்தத்தைக் கேட்டார்.

"பொழச்சிட்டாளா?" என்றாள் உதயா.

"இன்னும் சொல்ல முடியாது. குடல் வேலை செய்யணும். லத்தி போட்டான்னா கவலை இல்ல."

"அதுவரைக்கும் சாப்பிட?"

"ஒண்ணும் கிடையாது. நாளைக்கு நான் பாத்துட்டு சொல்றேன். அப்புறம் பிடி பிடியா புல்லு."

"ஐயோ பாவம், பசிக்குமே!" என்றார் கன்னியம்மாள்.

"பசியில ஒண்ணும் ஆகாதும்மா. உங்க பாசத்துலதான் பேஜார்."

"நாடாவும் கஞ்சிய நக்கினான் டாக்டர்" என்றாள் உதயா.

டாக்டர் நாயின் வயிற்றைத் தடவிப் பார்த்தார். "இவன் கொஞ்சம்தான் நக்கியிருக்கான், ஒண்ணும் ஆகாது. ஆனா உங்க பொங்கல்ல போடுறீங்களே காஞ்ச திராட்சை, அதை மட்டும் எந்த நாய்க்கும் குடுக்காதீங்க. சிறுநீரகம் கெட்டுடும்."

பார்த்திபன் கையிலிருந்த பொங்கல் இலையை மெதுவாக முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

காத்திருந்தார்கள். வெயில் சாய்ந்தது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. குழந்தைகள் சத்தம் போடவில்லை. எல்லோரும் சரிகையின் பின்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உதயா நகத்தைக் கடித்துக் கடித்து, கடிக்க நகம் இல்லாமல் போனது.

சரிகை வாலைத் தூக்கினாள்.

"ஷ்ஷ்ஷ்!" என்றார் மாமா.

வால் இறங்கியது. தெரு முழுவதும் ஒரு பெருமூச்சு. "போடும்மா, போடு கண்ணு" என்று கன்னியம்மாள் அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வால் மறுபடி உயர்ந்தது.

பொத். பொத். பொத்.

"போட்டுட்டா!" என்று உதயா கத்தினாள். "லத்தி போட்டுட்டா!" தெரு கைதட்டியது. யாரோ விசில் அடித்தார்கள். அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். உதயா சரிகையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கழுத்து காய்ந்திருந்தது, வியர்வை இல்லை.

பேருந்து நிறுத்தத்திலிருந்து அப்போதுதான் நடந்து வந்த அப்பா தெருமுனையிலேயே நின்றுவிட்டார். தன் தெருவே வட்டமாகக் கூடி நின்று, நடுவில் ஆவி பறக்கும் லத்தியைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தது.

"இன்னாய்யா இது? ஆயுத பூசைக்கு இதையா கும்புடுவீங்க?"

உதயா ஓடிப் போய் அவர் கையைப் பிடித்தாள். "அப்பா, நான் உங்க கிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டாம கேக்கணும்."

"நில்லு, நில்லு" என்று பின்னாலேயே மீசையைத் தடவிக்கொண்டு வந்தார் சக்கரவர்த்தி மாமா. "ரெண்டு பக்கெட்டு என்னுது. மொதல்ல நான்தான் திட்டு வாங்கணும்."